கீரை கூடுதலாச் சாப்பிட்டா வயிறு ஊதுமா?

டயட் எண்டு ரெண்டு நேரமும் கங்குன் கீரை சாப்பிடுறன், வயிறு ஊதுது, மலம் பச்சையாப் போகுது, ஏன் எண்டு கேட்டிருக்கிறீங்க. பச்சைக்குப் பயப்பட வேணாம், அது இலையில இருக்கிற குளோரோபில் எண்ட பச்சை நிறப் பொருள்தான். ஊதுறது நார்ச்சத்தால, அத எங்கட குடலால செரிக்க ஏலாது, பெருங்குடல் பக்டீரியா அத நொதிக்க வைக்கேக்க காஸ் வரும், திடீரெண்டு கூட்டினா இன்னும் மோசம், தண்ணியும் குடிக்காட்டி மலச்சிக்கலும் வரலாம். நானும் வெள்ளவத்தை மார்க்கெட்ல மலிவெண்டு நாலு கட்டு வல்லாரை வாங்கி, மூண்டு நாளாச் சம்பல் போட்டுத் திண்டு, பஸ்ல வயித்தப் பிடிச்சுக்கொண்டு நிண்ட ஆள்தான்! கொஞ்ச நாளைக்கு ஒரு நேரம் மட்டும், கொஞ்சமா, வதக்கிச் சாப்பிட்டுப் பாருங்க. சிறுநீரகக் கல் வந்த ஆக்கள் பசளிக் கீரையக் குறைக்கிறது நல்லம், கல் உண்டாகக் காரணமாகிற ஒக்சலேட் எண்ட பொருள் அதில கூட.