மீன்கொத்தி பாயும் கணத்தைப் படம் பிடிக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? எனக்குத் தண்ணீர்த் தெறிப்பு மட்டுமே கிடைக்கிறதே?

தெறிப்பு மட்டும் கிடைக்கிறதென்றால் பொறுமையில் குறை இல்லை, பாய்ந்ததைப் பார்த்தபிறகு அழுத்துகிறீர்கள். கண் பார்த்து விரல் அசைவதற்குள் கால் நொடி போய்விடும். பறவை அப்போது தண்ணீருக்குள் இருக்கும்.

பழகுவதற்குக் கருப்பு வெள்ளை மீன்கொத்திதான் சரி. பள்ளிக்கரணை, பழவேற்காடு பக்கம் பார்க்கலாம். நீல நிறச் சிறால் மீன்கொத்தி பெரும்பாலும் கிளையிலிருந்து சட்டென்று விழுந்துவிடும். கருப்பு வெள்ளையோ நீருக்கு மேலே இறக்கையடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். அலகு மட்டும் கீழே பார்க்கும். அப்போதே ஃபோகஸ் பிடித்துவிடுங்கள். இறக்கை மடங்கத் தொடங்கியதும் தொடர் ஷாட்டை அழுத்துங்கள். பாதி தூரம் இறங்கி மறுபடி நின்று ஏமாற்றவும் செய்யும். இருபது படம் வீணானால் ஆகட்டும். ஆனால் அது நிற்கும்போதே சுட்டுத் தள்ளினால் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பி, பாயும்போது கேமரா திணறும். அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேமிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் தயங்காமல் போடுங்கள்.

முதல் அரைமணி நேரம் கேமராவைத் தொடாமல், எந்தக் கம்பில் திரும்பத் திரும்ப வந்து அமர்கிறது என்று மட்டும் பாருங்கள். காற்றை எதிர்த்தே அது அந்தரத்தில் நிற்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் படும்படி உட்கார்ந்தால் அதன் முகம் உங்களைப் பார்த்திருக்கும். வெயிலும் முதுகுப் பக்கம் வேண்டும். இரண்டும் சேராத நாளில் வெயிலுக்கே முதலிடம். இந்தப் பறவையின் கண் கருப்புப் பட்டைக்குள் இருக்கிறது; ஒளி விழாவிட்டால் கண்ணே தெரியாது.

ஷட்டர் 1/3200 நொடி, துளை எஃப்/6.3, ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓ ஆட்டோ. இருண்ட நீர்ப் பின்னணியில் வெள்ளை மார்பு வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள்.

பாய்ச்சல் தவறினாலும் லென்ஸைத் தெறிப்பின் மேலேயே வைத்திருங்கள். ஈரத்தோடு மேலே எழும்பும்போது வேகம் குறைவு. அதுவே பல நேரம் நல்ல படம்.

பிறகு கம்பில் மீனை அடித்து, தலை முதலாக விழுங்கும். மீனின் தலை அலகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது இணைக்கோ குஞ்சுக்கோ கொண்டுபோகும் இரை. அப்படிக் கவ்வியபடி கரைக்குப் போகாமல் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தால், கரையில் அது கூடாகக் குடைந்த மண்வளை நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். கேமராவை மூடிவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.