கன்னியா வெந்நீரும் புல்மோட்டை மணலும்

கேள்வி: சூரியனின் மையத்தில் 15 மில்லியன் பாகை சூடு இருப்பதால்தான் அணுக்கருத் தாக்கம் நடக்கிறது என்று படித்தோம். அணு உலைக்குள் அவ்வளவு சூடு இல்லையே, அங்கே எப்படி நடக்கிறது?
(உயர்தர மாணவி, உப்புவெளி)

பதில்: இரண்டும் வேறு வேறு தாக்கங்கள். சூரியனில் சிறிய கருக்கள் இணைகின்றன, உலையில் பெரிய கரு பிளவுபடுகிறது. சூரியனில் இணைய வேண்டியவை புரோத்தன்கள். இரண்டுக்கும் நேரேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். நெருங்க வேகம் வேண்டும், வேகத்துக்குச் சூடு வேண்டும். உண்மையில் 15 மில்லியன் பாகையும் போதாது. துணிக்கைகள் தடையை ஊடுருவும் குவாண்டம் விளைவு கைகொடுப்பதால்தான் காரியம் நடக்கிறது. அப்போதும், இணையும் கணத்தில் ஒரு புரோத்தன் நியூத்திரனாக மாறியாக வேண்டும். அது மிக அரிது. ஆகவே சூரிய மையத்தின் ஒரு கன மீற்றர் தருவது 300 வாற்றுக்கும் குறைவு. அதே கனவளவுக்கு மனித உடல் விடும் வெப்பம் இதைவிடக் கூட! சூரியன் இப்படிக் கொதிப்பது அதன் பருமனால். ஆரையின் உள் கால்வாசியைத் தாண்டினால் தாக்கம் ஏறக்குறைய நின்றுவிடும்.

உலையில் மோதுவது ஏற்றமில்லாத நியூத்திரன். அதைத் தள்ள எதுவுமில்லை, சூடும் தேவையில்லை. மெதுவாக வந்தால்தான் யுரேனியம்-235 அதை எளிதில் பிடிக்கும். பெரும்பாலான உலைகளில் அந்த வேகத்தைத் தணிப்பது தண்ணீர். ஒரு பிளவில் இரண்டு மூன்று நியூத்திரன்கள் வெளிவரும். அவற்றில் சராசரியாக ஒன்றுதான் அடுத்த பிளவை நடத்த வேண்டும். குறைந்தால் அணையும், கூடினால் வலு ஏறிக்கொண்டே போகும்.

ஆபத்து பெரும்பாலும் நிறுத்திய பிறகுதான். நியூத்திரனை விழுங்கும் போரன் கோல்களை இறக்கினால் இந்தச் சங்கிலித் தாக்கம் நொடிகளில் நிற்கும். ஆனால் பிளவுத் துண்டுகள் தொடர்ந்து கதிர்வீசித் தேய்வதால், முழு வலுவில் 6 முதல் 7 சதவீதம் வரை வெப்பம் அக்கணத்திலும் வந்துகொண்டிருக்கும். 3000 மெகாவாற்று வெப்ப உலையில் அது ஏறத்தாழ 200 மெகாவாற்று. 2011இல் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கத்தோடு ஒழுங்காகவே நின்றன. பின்னால் வந்த கடல் டீசல் மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்ததால் குளிரூட்டல் போய் எரிபொருள் உருகியது. 2004ஐக் கண்ட நம் கரையில் யாராவது உலை பற்றிப் பேசினால், மின்பிறப்பாக்கி எத்தனை மீற்றர் உயரத்தில் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: புல்மோட்டை மணலில் தோரியம் இருக்கிறதாம். அது தானாகப் பற்றாதா? கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் அதுதான் காரணமா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: பற்றாது. மணலிலுள்ள மொனசைற்று என்ற கனிமத்தில் இருப்பது தோரியம்-232. அதன் அரை ஆயுட்காலம் 1400 கோடி ஆண்டுகள். வெளியிலிருந்து நியூத்திரன் கொடுத்து, புரொட்டக்டினியம்-233 வழியாக யுரேனியம்-233 ஆக்கினால்தான் அது எரிபொருள். கன்னியாவில் மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மேலே வருகிறது. பூமியின் உட்சூட்டில் ஒரு பங்கு யுரேனியம், தோரியம், பொற்றாசியம்-40 தேய்வதால் வருவது உண்மை. அது மெல்லிய தேய்வு, சங்கிலித் தாக்கம் அல்ல.

மண்ணுக்குள் உலை எரிந்ததே இல்லையா என்றால், எரிந்திருக்கிறது. ஆபிரிக்காவின் காபொன் நாட்டில் ஒக்லோ சுரங்கத்தில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன், 1972இல்தான் தெரியவந்தது. அன்று யுரேனியத்தில் 235 ஏறத்தாழ 3 சதவீதம், நிலத்தடி நீரே தணிப்பான். இன்று அது 0.7 சதவீதம்தான், சாதாரணத் தண்ணீரோடு எவ்வளவு குவித்தாலும் பற்றாது.