கிளிப் மாட்டவா எட்டு வருஷப் படிப்பு?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் பல்லுக்குக் கிளிப் போடும் டாக்டராக வேண்டும் என்கிறாள், "கம்பி மாட்டுவதற்கா எட்டு வருஷம் படிக்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

எடுப்புப் பல்லோடு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே வாயில் எதையும் ஒட்ட மாட்டார்கள். பல்லுக்கு அச்சு எடுப்பார்கள், தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்தில் கோடு போட்டு, கோணம் அளந்து பார்ப்பதுதான் முக்கியமான வேலை. மேல்தாடை முன்னால் வந்திருக்கிறதா, கீழ்த்தாடை பின்தங்கிவிட்டதா, இல்லை பல் மட்டும் சாய்ந்திருக்கிறதா? வெளியே பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் வைத்தியம் வேறு வேறு. கீழ்த்தாடை பின்தங்கியிருந்து, பையனும் வளர்கிற வயதில் இருந்தால், முதலில் கழற்றி மாட்டும் கருவி கொடுத்துத் தாடையை முன்னால் கொண்டுவரப் பார்ப்பார் டாக்டர். பல் வரிசைக்கு இடமே போதாவிட்டால் சில நல்ல பற்களைப் பிடுங்க வேண்டிவரும். சொத்தையே இல்லாத பல்லை ஏன் எடுக்க வேண்டும் என்று பையனின் அம்மாவுக்குப் புரியவைப்பதும் அவர் பொறுப்புதான்.

அப்புறம்தான் கிளிப். கம்பி பல்லை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் எலும்பு கரையும், பல் விட்டு வந்த பக்கம் புது எலும்பு வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தான் நகரும். அவசரப்பட்டு அழுத்தினால் பல்லின் வேரே கரையக்கூடும். அதனால் பலருக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கிறது. அத்தனை மாதமும் அதே பையன் வருவான். கிளிப்பில் மாட்டச் சொன்ன ரப்பர் பேண்டைப் போட்டிருக்க மாட்டான். முறுக்கைக் கடித்து, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிற்பான். சலித்துக்கொள்ளாமல் மறுபடி ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் பல்லைப் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே கிளம்பிவிடும்.

படிப்பு விவரம் சுருக்கமாக: நீட் எழுதி பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ்., பயிற்சி வருஷத்தோடு ஐந்து வருஷம். பிறகு இன்னொரு நீட் எழுதி மேற்படிப்பான எம்.டி.எஸ்., மூன்று வருஷம். கிளிப் போடும் பிரிவான பல் சீரமைப்பு அதில் ஒன்பது பிரிவுகளில் ஒன்று, போட்டியும் அதிகம். அந்த இடம் கிடைக்காவிட்டாலும் பல் டாக்டராக இருக்கச் சம்மதமா என்று இப்போதே கேளுங்கள். இல்லை என்றால் யோசிக்க வேண்டும்.

கை நிதானம் உண்டா என்பது பி.டி.எஸ். படிக்கும்போதே தெரிந்துவிடும். 0.7 மி.மீ. கம்பியை இடுக்கியால் வளைத்து, கடைவாய்ப்பல்லைக் கவ்வும் கொக்கி செய்யச் சொல்வார்கள். முதலில் கோணல்மாணலாகத்தான் வரும். அடுத்த கம்பியை எடுக்கத் தோன்றுகிறதா என்பதுதான் விஷயம்.

நீட் விண்ணப்பத்துக்கு முன்னால் உங்கள் ஊர்ப் பல் சீரமைப்பு டாக்டர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் கிளினிக்கில் அவளை உட்காரவையுங்கள். புதிதாகக் கிளிப் போட வருகிறவரை விட, பதினான்காவது மாதமாக வருகிறவரை அவள் கவனிக்கட்டும்.