சிட்னியில் பார் வேலைக்கு மதுரையிலேயே ‘லைசென்ஸ்’ வாங்கலாமா?

கேள்வி: என் மகன் மதுரையில் கேட்டரிங் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு சிட்னி போகிறான். விசா வந்துவிட்டது. அங்கே பகுதி நேரமாக ஹோட்டலில் மதுபானம் பரிமாற ‘சர்வதேச பார்டெண்டர் லைசென்ஸ்’ வேண்டுமாம். மூன்று நாள் வகுப்பு நடத்தி 42,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா? - திருமங்கலம் வாசகர்

பதில்: கட்டாதீர்கள். அப்படி ஒரு சர்வதேச லைசென்ஸை எந்த நாட்டு அரசாங்கமும் கொடுப்பதில்லை. நல்ல தாளில் அச்சடித்து, பொன்னிற முத்திரை குத்தி, பூமி உருண்டைப் படம் போட்ட சான்றிதழோடு பிள்ளைகள் என்னிடம் வந்து நிற்கிறார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு சிட்னியில் ஒரு கிளாஸ் பீர்கூட ஊற்ற முடியாது.

நம் ஊரில் லைசென்ஸ் என்பது கடைக்கோ ஹோட்டலுக்கோதான். பரிமாறுகிறவருக்குத் தனியாகப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில் கடைக்கும் லைசென்ஸ் வேண்டும், பரிமாறும் ஒவ்வொருவருக்கும் ஆர்.எஸ்.ஏ. என்ற பயிற்சியும் வேண்டும். பொறுப்போடு மதுபானம் பரிமாறுவது என்று அதற்கு அர்த்தம். மகனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சிட்னி இருப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில். அந்த மாநில அரசு அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில்தான் படிக்க வேண்டும். சுமார் ஆறு மணி நேர வகுப்பு. கட்டணம் ஏறக்குறைய 150 ஆஸ்திரேலிய டாலர். ஏஜென்ட் கேட்கிற தொகையில் கால் பங்குக்குப் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். முடித்ததும் 90 நாள் செல்லுபடியாகும் இடைக்காலச் சான்றிதழ் தருவார்கள். அந்த 90 நாளுக்குள் நிரந்தர அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அட்டை ஐந்து வருடம் செல்லும். மெல்போர்னில் இருக்கும் சொந்தக்காரப் பையன் வைத்திருக்கும் சான்றிதழைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது விக்டோரியா மாநிலத்துடையது, சிட்னிக்கு அப்படியே செல்லாது.

‘நான் சாப்பாட்டு சர்வர்தானே, பாரில் நிற்கப் போவதில்லையே’ என்று பல பிள்ளைகள் கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். சமையலறையில் வெங்காயம் நறுக்குகிறவருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் ஆர்.எஸ்.ஏ. தேவையில்லை. ஆனால் அதே உணவகத்தில் மேஜைக்குப் போய் ‘என்ன குடிக்கிறீர்கள்’ என்று கேட்டு ஒரு வைன் ஆர்டர் எடுத்தாலே தேவை. வேறு ஒருவர் ஊற்றி வைத்ததைத் தட்டில் கொண்டுபோய் வைத்தாலும் தேவை. சம்பளம் இல்லாமல் ஒரு விழாவில் உதவிக்கு நின்று பரிமாறினாலும் தேவை. சமையலறையில் சேர்ந்த பையனை, ஆள் குறைகிற சனிக்கிழமை இரவில் ‘இதை நாலாம் நம்பர் மேஜையில் வைத்துவிட்டு வா’ என்று அனுப்புவார்கள். அங்கேதான் மாட்டுவார்கள். அதனால் எந்த வேலையில் சேர்ந்தாலும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அந்த வகுப்பில் காக்டெய்ல் கலக்கச் சொல்லித் தர மாட்டார்கள். போதையில் இருப்பவரை எப்படி அடையாளம் காண்பது, அவருக்கு எப்படி ‘இனி இல்லை’ என்பது, வயதுச் சான்றை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பாடம். மதுபானம் வாங்க அங்கே 18 வயது ஆகியிருக்க வேண்டும், நம் தமிழ்நாட்டில் 21. போதையில் இருப்பவருக்கு ஊற்றிக் கொடுத்தால் முதலாளியோடு பரிமாறியவர் மீதும் வழக்கு வரும். அபராதம் 11,000 டாலர் வரை போகலாம். நம் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். வயதில் மூத்தவரிடம் ‘போதும் அண்ணே, தர முடியாது’ என்று சொல்ல நாம் பழக்கவே இல்லை. மூன்று வருடம் கட்டணம் வாங்கும் கேட்டரிங் கல்லூரிகள் நாப்கினை எத்தனை விதமாக மடிக்கலாம் என்று சொல்லித் தருகின்றன. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. பாடத்திட்டம் போடுகிறவர்களிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஏஜென்ட் ‘வேலையும் உறுதி’ என்றாரா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவர், குடியேற்றச் சட்டம் 1983-ன்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். ‘நான் படிப்புக்குத்தான் அனுப்புகிறேன்’ என்று பேச்சை மாற்றினால், வேலையைப் பற்றி அவர் சொன்ன எதையும் நம்பாதீர்கள். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இதை எந்த ஏஜென்ட்டும் முதலில் சொல்வதில்லை.

இன்னொன்று: கல்லூரி வகுப்பு தொடங்கும் முன் அங்கே வேலை செய்யவே கூடாது. போய் இறங்கி, அடையாள ஆவணங்களைச் சரிசெய்துகொண்டு, வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு நாள் ஒதுக்கி ஆர்.எஸ்.ஏ. முடித்துவிடலாம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், பேசிக் காட்டவும் சொல்வார்கள். கிளம்பும் வரை வீட்டில் தினம் பத்து நிமிடம் நீங்களே வாடிக்கையாளராக உட்கார்ந்து மகனிடம் ‘இன்னொன்று கொடு’ என்று கேளுங்கள். கோபப்படாமல், ஆங்கிலத்தில், மறுத்துப் பேசட்டும்.