ஓட்டிசம் உள்ள தம்பிக்கு எந்த வேலை நிலைக்கும்?

கிளிநொச்சியில் உங்கள் தம்பிக்குக் கடை வேலை இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை, இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அங்கே எது கஷ்டமாக இருந்தது என்று தம்பியிடமே கேளுங்கள். வேலை நன்றாகத் தெரிந்தவரையும் சனக்கூட்டம், சத்தம், சொல்லாமல் மாறும் நேரம் எல்லாம் களைக்க வைத்துவிடும். அரிசி ஆலை இரைச்சல் தாங்காத ஒருவர், அதே ஆலையின் மூட்டைக் கணக்கைத் தனியறையில் இருந்து பிசகாமல் எழுதக்கூடும். நாற்றுமேடை, சைக்கிள் திருத்துவது, கணினித் தட்டச்சு எல்லாம் யோசிக்கலாம், அவருக்குப் பிடித்தால்.

சரி, வேலை கிடைத்தபின்? "கெதியாச் செய்" என்றால் அவருக்கு விளங்காமல் போகலாம். எதை, எத்தனை மணிக்குள் என்று எழுதித் தரச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இயலாமையுள்ளோரின் உரிமைகளைக் காக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி ஆட்சேர்ப்பில் ஒதுக்குவதைத் தடுக்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒருமுறை சந்தியுங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு.