நிவாரணப் பணியில் தரவு: முதலில் பட்டியல், பிறகுதான் மற்றதெல்லாம்

கேள்வி: வெள்ளம், நிலநடுக்கம், போர் மாதிரியான நெருக்கடிகளில் தரவையும் தொழில்நுட்பத்தையும் வைத்து நிவாரணத்தை எப்படி மேம்படுத்தலாம்? ஏஐ, ட்ரோன், பிளாக்செயின் என்று நிறையச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பட்டியலிலிருந்து தொடங்குங்கள். யார், எங்கே இருக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், இதுவரை என்ன கிடைத்திருக்கிறது என்ற நான்கும் சரியாக இருந்தால் மற்ற கருவிகள் பலன் தரும். உதவி கிடைக்காமல் விடுபடுகிறவர்களில் பலரைப் பற்றிய தரவு எங்கோ இருக்கத்தான் செய்கிறது. ஒரு அமைப்பின் பட்டியல் இன்னொன்றின் பட்டியலோடு பொருந்தாமல் போவதால்தான் விடுபடுகிறார்கள்.

படிவம் தயாரிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, இந்தப் பதில் வந்தால் எந்த முடிவு மாறும் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியை எடுத்துவிடலாம். தலைக்கணக்கு ஒன்று சரியாக இருந்தாலே எவ்வளவோ செய்யலாம். ஸ்பியர் என்ற சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகோலின்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர், ஒரு கழிப்பறைக்கு 20 பேர். கழிப்பறைக்கு மட்டும் முதல் நாள்களில் 50 பேர் வரை போகலாம். முகாமில் 4,000 பேர் என்றால் தினமும் 60,000 லிட்டர், அதாவது 10,000 லிட்டர் டேங்கர் ஆறு நடை. குழாய் 16. கழிப்பறை உடனடியாக 80, பிறகு 200. பெண்கள் எத்தனை, ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை, நடக்கச் சிரமப்படுகிறவர்கள் எத்தனை என்று பிரித்து வைத்திருந்தால் கழிப்பறையை எங்கே கட்டுவது என்பதும் தெரிந்துவிடும். இதற்கு ஏஐ எதுவும் வேண்டாம்.

அடுத்தது இடத்தின் பெயர். நடைமுறையில் அதிகம் சொதப்புவது இங்கேதான். ஒரே ஊரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள், கணினி அதை மூன்று ஊராக எண்ணும். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் எதிர்ச்சிக்கல். இதற்காகத்தான் ஐநா மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகம் பல நாடுகளுக்கு ஒவ்வொரு நிர்வாகப் பிரிவுக்கும் பி-கோட் என்ற தனிக் குறியீடு வைத்திருக்கிறது. அந்த அலுவலகம் 2014-இல் தொடங்கிய எச்டிஎக்ஸ் என்ற பொதுத் தரவுத் தளத்தில் இந்தக் குறியீடுகளையும் எல்லை வரைபடங்களையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். படிவத்தில் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் உள்ள ஊர்கள் மட்டும் வரும்படி அடுக்குத் தேர்வாக வையுங்கள்.

குறியீடு வைத்த பிறகும் ஒரு கண்ணி காத்திருக்கும். சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறக்கும்போது 0407 என்ற குறியீடு 407 ஆகிவிடும், முன்னால் இருக்கிற பூஜ்யம் சத்தமில்லாமல் போய்விடும். அப்புறம் மற்ற பட்டியலோடு இணைத்தால் அந்த ஊர் மொத்தமும் பொருந்தாது. யாரும் கவனிக்காவிட்டால் விநியோகப் பட்டியலில் அந்த ஊரே இருக்காது. நீளமான அடையாள எண்களும் இப்படித்தான் சிதையும். குறியீடு, தொலைபேசி எண், அடையாள எண் மூன்றையும் எண்ணாக இல்லாமல் எழுத்தாக இறக்குமதி செய்யுங்கள். ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் பொருந்தாத வரிகளைத் தனியே எடுத்து, அவை ஏன் பொருந்தவில்லை என்று ஆள் பார்க்க வேண்டும்.

களத்தில் தரவு சேகரிக்க கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே போன்ற படிவச் செயலிகள் போதும். சாதாரண ஆண்ட்ராய்டு போனில் இணையம் இல்லாமலே படிவம் நிரப்பலாம், சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். மொத்தப் படிவத்தையும் ஒரு எக்செல் கோப்பில் எழுதிவிட முடியும். கவனிக்க வேண்டியவை வேறு. தெரியாது, பதிலளிக்க விருப்பமில்லை, பூஜ்யம் ஆகிய மூன்றும் தனித்தனி விடைகளாக இருக்கட்டும். எல்லாவற்றையும் காலியாக விட்டால், தண்ணீரே இல்லாத வீடும் கேள்வியே கேட்கப்படாத வீடும் ஒன்றாகிவிடும். பாதி வேலையில் ஒரு கேள்வியின் உள்பெயரை, அதாவது கணினி அந்தக் கேள்வியை அடையாளம் காணும் பெயரை, மாற்றினால் தரவு இரண்டு நெடுவரிசையாகப் பிரியும். கேள்வியைத் திருத்தலாம், உள்பெயரைத் தொடக்கூடாது. ஜிபிஎஸ் துல்லியம் 5 மீட்டருக்கு வரும்வரை காத்திருக்கும்படி அமையுங்கள், தகரக் கூரைக்குள் நின்று எடுத்தால் புள்ளி பக்கத்து வரிசைக்குப் போய்விடும். மொழிபெயர்த்த படிவத்தை அலுவலகத்துக்கு வெளியே ஐந்தாறு பேரிடம் சோதிக்காமல் இறக்கவே கூடாது.

தரவின் தரத்தை அன்று மாலையே பாருங்கள். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டை அறிய 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ளவர்களுக்கு மேல்கையின் நடுச் சுற்றளவை அளப்பார்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான குறைபாடு, 115 முதல் 125-க்குள் என்றால் மிதமானது. அளக்கிறவர்கள் களைத்துப் போனால் 0, 5 என்று முடியும் எண்களாக எழுதத் தொடங்குவார்கள். 113 என்பது 115 ஆகப் பதிவானால் அந்தக் குழந்தை கடுமையான குறைபாட்டுக்கான சிகிச்சைக்குப் போகாது. கடைசி இலக்கம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். ஒருவருடைய பதிவில் மட்டும் 0-வும் 5-ம் குவிந்திருந்தால் மறுநாள் காலை அவரோடு ஒரு மேற்பார்வையாளர் போக வேண்டும். வாரக் கடைசியில் கண்டுபிடித்தால் அந்தக் குழந்தைகளைத் தேடிப் பிடிக்க முடியாது.

இரட்டைப் பதிவை நீக்குவது பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: கணினி தானாக யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. ஒரே தொலைபேசி எண்ணை நான்கு குடும்பங்கள் பகிர்வது நெருக்கடியில் சாதாரணம். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று எழுதுவது உலகம் முழுக்க நடக்கிறது. அதனால் பரவலான ஒரு பெயரும் அந்தத் தேதியும் பொருந்தினால் அது ஒரே ஆள் என்று அர்த்தமில்லை. பெயர், வயது, ஊர்க் குறியீடு, குடும்ப அளவு எல்லாம் சேர்ந்து ஒத்துப்போகும் பதிவுகளைச் சந்தேகப் பட்டியலாக மட்டும் எடுங்கள். முடிவை ஒரு மனிதர் எடுக்கட்டும், அதுவரை அந்தக் குடும்பத்துக்கு உதவி நிற்க வேண்டாம். இருமுறை வாங்கிய ஒரு குடும்பத்தால் வரும் நஷ்டம் ஒரு பொட்டலம். தவறாக நீக்கப்பட்ட குடும்பத்துக்கு அதுதான் அந்த மாதத்துச் சாப்பாடு.

அமைப்புகளுக்கு இடையே பட்டியலை ஒப்பிடும்போது, தொலைபேசி எண்ணை ஹேஷ் செய்து, அதாவது ஒரு கணக்கு விதியால் புரியாத எழுத்துச் சரமாக மாற்றி, அனுப்பினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பத்து இலக்க எண்களை எல்லாம் ஹேஷ் செய்து ஒப்பிட ஒரு சாதாரணக் கணினியே போதும். இரகசியச் சாவி சேர்த்த முறை இல்லாமல் இதை நம்பாதீர்கள். பிளாக்செயினைப் பொறுத்தவரை, உலக உணவுத் திட்டம் 2017-இல் பாகிஸ்தானில் சோதித்து, பிறகு ஜோர்டான் அகதி முகாம்களில் பயன்படுத்திய பில்டிங் பிளாக்ஸ் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் அது பரிவர்த்தனையைப் பதிவு செய்யும் ஏடு. உள்ளே போகும் பட்டியல் தப்பென்றால் தப்பையே பத்திரமாக வைத்திருக்கும்.

செயற்கைக்கோள் படங்களுக்கு உறுதியான பயன் உண்டு. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு தன்னார்வலர்கள் படங்களைப் பார்த்து, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்களை வரைந்தார்கள், மீட்புக் குழுக்கள் அதையே பயன்படுத்தின. வெள்ளத்துக்கு சென்டினல்-1 மாதிரியான செயற்கைக்கோளின் ரேடார் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது மேகத்தையும் இரவையும் தாண்டிப் பார்க்கும். ஆனால் நெருக்கமான கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையே நிற்கும் தண்ணீரைத் தவறவிடும். நிலநடுக்கத்தில் கீழ்த்தளம் நொறுங்கி மேல்தளம் அப்படியே இறங்கியிருந்தால், மேலிருந்து பார்க்கும் படத்தில் கூரை முழுசாகத் தெரியும். ஆகவே படத்தை வைத்து எங்கே முதலில் போவது என்று தீர்மானிக்கலாம். எந்த வீட்டுக்கு இழப்பீடு என்பதைத் தரையில் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தொலைபேசித் தரவும் இப்படித்தான். 2015 நேபாள நிலநடுக்கத்தில் ஃப்ளோமைண்டர் என்ற அமைப்பு, அடையாளம் நீக்கிய அழைப்புப் பதிவுகளை வைத்து மக்கள் எங்கிருந்து எங்கே நகர்ந்தார்கள் என்று மதிப்பிட்டது. 2020-இல் டோகோ அரசின் நோவிசி திட்டம், போன் பயன்பாட்டையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு ஏழைகளை இனம்கண்டு மொபைல் வழியாகப் பணம் அனுப்பியது. போன் இல்லாதவர் இந்தக் கணக்கில் கிடையாது. போன் இல்லாதவர்களில் முதியவர்களும் பெண்களும் அதிகம் என்றால், அவர்களுக்கு நேரில் பதிவு செய்யும் வழியையும் அதே நாளில் திறக்க வேண்டும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது முன்னறிவிப்பை வைத்துப் பணம் அனுப்புவது. 2020 ஜூலையில் வங்கதேசத்தில் ஜமுனா (பிரம்மபுத்திராவுக்கு அங்கே உள்ள பெயர்) ஆற்று வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அளவை முன்னறிவிப்பு தாண்டியதும் ஐநாவின் அவசர நிதி விடுவிக்கப்பட்டது. குடும்பங்களுக்கு மொபைலில் பணம் போனது. எந்த அளவு, எத்தனை நாள் முன்னால், யாருக்கு எவ்வளவு என்று எல்லாமே மழைக்கு முன்பே எழுதிக் கையெழுத்தாகியிருந்ததால்தான் இது சாத்தியமானது. வெள்ளம் வரும்போது பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தால் முன்னறிவிப்பு வீணாகும்.

கடைசியாக, சேகரித்த தரவே மக்களுக்கு ஆபத்தாகலாம். 2022 ஜனவரியில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களில் ஊடுருவல் நடந்திருப்பது தெரியவந்தது. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், காவலில் இருப்பவர்கள் என 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் சிக்கின. சரிசெய்யப்படாத ஒரு மென்பொருள் ஓட்டை வழியாக நுழைந்தவர்கள் 70 நாள் உள்ளே இருந்தார்கள். கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது. கைரேகை இல்லாமல் வேலை நடக்குமானால் எடுக்காதீர்கள்.

நடைமுறையில்: பெயரும் எண்ணும் ஒரு கோப்பில், மற்ற விடைகள் இன்னொன்றில், இரண்டையும் இணைக்கும் சாவி இரண்டே பேரிடம். வெளியே பகிரும்போது வீட்டு ஜிபிஎஸ் புள்ளியை எடுத்துவிட்டு ஊர்க் குறியீடு மட்டும் கொடுங்கள். ஒரு ஊரில் குறிப்பிட்ட சிறுபான்மைக் குடும்பம் இரண்டுதான் என்றால் அந்த எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும், மேல்மட்டப் பிரிவோடு சேருங்கள். பயனாளிப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். எந்தத் தேதியில் எது அழிக்கப்படும் என்பதையும் பதிவு தொடங்கும் முன்பே எழுதுங்கள்.

விநியோகம் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சிறு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துங்கள். பெற்றவர்களிடம் மட்டும் கேட்டால் எல்லாம் நன்றாக நடந்ததாகவே தெரியும், அதே தெருவில் பெறாதவர்களிடமும் கேளுங்கள். புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகளை ஊர்க் குறியீட்டோடு பதிவு செய்யுங்கள். ஒரே குறியீட்டிலிருந்து ‘எங்கள் பெயர் இல்லை’ என்று பல அழைப்புகள் வந்தால், முதலில் அந்த ஊரின் வரிகள் பட்டியல்களை இணைக்கும்போது விடுபட்டுவிட்டனவா என்று திறந்து பாருங்கள்.