நரம்பு கிளைவிடுவது எப்படி? கேள்விகளுக்குப் பதில்கள்

அக்சானை, அதாவது நரம்பணுவின் நீண்ட இழையை, இலக்கில் சேர்ப்பதோடு வழிகாட்டும் புரதங்களின் வேலை முடிந்துவிடுகிறதா?

இல்லை. இலக்கைத் தொட்ட பிறகு அக்சான் கிளைவிட வேண்டும், சினாப்ஸ் எனும் நரம்பிணைப்பை அமைக்க வேண்டும், பொருந்தாத கிளைகளை உள்ளிழுக்கவும் வேண்டும். பல இடங்களில் பழைய புரதங்களே இதற்கும் உதவுகின்றன. அக்சான்களை விரட்டுவதற்குப் பெயர்பெற்ற ஸ்லிட் புரதத்தின் ஒரு துண்டு, உணர்வு நரம்பணுக்களைக் கிளைவிடத் தூண்டுவது 1999இல் தெரியவந்தது. அதற்கு முன்பே, 1995இல், தலைப்பிரட்டையின் மூளையில் பார்வை நரம்பு சென்று முடியும் இடத்தில் நரம்பணு வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் (BDNF) புரதத்தைச் செலுத்தினார்கள், கிளைகள் அடர்ந்தன. அதை முடக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது கிளைகள் குறைந்தன. உயிருள்ள விலங்கில் கண்ட முடிவு இது. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்யாதீர்கள்.

நினைவாற்றலுக்கு பிடிஎன்எஃப் மாத்திரை வாங்கலாமா?

வேண்டாம். அது புரதம், விழுங்கினால் செரித்துப்போகும்.

குழந்தைகளுக்கு பிடிஎன்எஃப் கூட்டும் பானம் பற்றி?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். கடைப்பொருள் பற்றிய கேள்விகளை இனி எடுக்கமாட்டேன்.

நெட்ரின் என்ற வழிகாட்டும் புரதம் தொலைவிலிருந்தே அக்சானை ஈர்க்கும் என்று படித்தோம். அது தவறாமே?

இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். 1994இல் சுமார் 25,000 கோழிக்கருக்களின் மூளைகளிலிருந்து நெட்ரினைப் பிரித்தெடுத்தார்கள். தண்டுவடத்தின் அடித்தளச் செல்கள் அதைச் சுரக்கின்றன. பூவின் மணம்போல் அது பரவ, மறுபக்கம் கடக்க வேண்டிய அக்சான்கள் அதை நோக்கி வளர்கின்றன என்பதுதான் பாடம். தட்டில் அது அழகாக நடந்தது. ஆனால் 2017இல் இரண்டு குழுக்கள் எலிக்கருவில் அடித்தளத்தின் நெட்ரினை மட்டும் நீக்கிப் பார்த்தன. தண்டுவட அக்சான்கள் பெரும்பாலும் சரியாகவே கடந்தன! தண்டுவடத்தின் உட்சுவரை ஒட்டிய, நரம்பணுக்களை உருவாக்கும் முன்னோடிச் செல்களின் நெட்ரினை நீக்கியபோதுதான் வழி குழம்பியது. அச்செல்களின் நீட்சிகள் வழியே நெட்ரின் விளிம்புக்குச் சென்று படிகிறது. அக்சான் அந்தப் பரப்பைத் தொட்டு வளர்கிறது என்று அவர்கள் வாதிட்டார்கள்.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் கற்பித்தது பொய்தானே?

இல்லவே இல்லை. 2019இல் வந்த ஆய்வுகள் அடித்தள நெட்ரினுக்கும் பங்கு உண்டு என்று காட்டின. இரண்டு ஊற்றுகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன. நெட்ரின் தேவை என்பதை 2017 ஆய்வுகளும் மறுக்கவில்லை. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் செயல்படுகிறது என்பதே சர்ச்சை.

தட்டுச் சோதனைகளை ஏன் இவ்வளவு இகழ்கிறீர்கள்? நெட்ரின் கிடைத்ததே அவற்றால்தான்.

இகழவில்லை. ஒரு மூலக்கூறால் என்ன முடியும் என்பதைத் தட்டு காட்டும். கரு அதை எதற்குப் பயன்படுத்துகிறது என்பதைக் கருவில்தான் பார்க்க வேண்டும்.

சினாப்ஸ் உருவாக எந்தப் புரதம் காரணம்?

ஒன்றல்ல. நரம்பும் தசையும் சேருமிடத்தில் அக்ரின் முக்கியம்; மூளையில் அக்சான் பக்கத்து நியூரெக்சினும் எதிர்ப்பக்கத்து நியூரோலிஜினும் கைகோக்கின்றன. நியூரோலிஜினை நரம்பல்லாத செல்லில் வைத்தால்கூட, அதைத் தொடும் அக்சான் தன் பக்கத்து சினாப்ஸைக் கட்டத் தொடங்கும். இதுவும் தட்டில் கண்டதுதான்.

என் மகன் ஒரு கையை அசைத்தால் மறுகையும் அசைகிறது. நெட்ரின் கோளாறா?

நெட்ரினை உணரும் டிசிசி ஏற்பியின் மரபணு மாற்றத்தால் இப்படி நேர்வதுண்டு. ஆனால் மிகச் சிறு வயதில் இது ஓரளவு இயல்பே. நேரில் பார்க்காமல் நான் எதுவும் சொல்லக்கூடாது. குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.